கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும்: புதிதாக நாணயம் சேகரிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

இந்திய அரசின் அக்கசாலை, அதாவது நாணயம் அச்சடிக்கும் ஆலை, ஒரு நினைவு நாணயத்துக்கான முன்பதிவை முடித்துக்கொண்ட பிறகு, அதே நாணயத்துக்குக் கைமாற்றி விற்பவர்கள் வெளியீட்டு விலையைப் போல இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கேட்பதுண்டு. புதிதாகச் சேகரிப்பில் இறங்கியவருக்கு இது முதலில் திகைப்பையும் அடுத்துக் கோபத்தையும் தருகிறது. கோபம் இயல்பானதே. ஆனால் அந்த விலையை விற்பவர் ஒருவரே உருவாக்கிவிடவில்லை. அவர் கேட்டார், யாரோ ஒருவர் விசாரிக்காமல் கொடுத்தார், கொடுத்த பிறகுதான் அது ‘போன வாரம் இந்த விலைக்குப் போனது’ என்று அடுத்தவரிடம் சொல்லக்கூடிய விலையாயிற்று. உணவு, மருந்து போல வாங்கியே தீர வேண்டிய பொருளாக இருந்தால் வாங்குபவரைக் கேள்வி கேட்பது நியாயமாகாது. நினைவு நாணயம் அப்படிப்பட்ட பொருளன்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கும் உரிமை இங்கே வாங்குபவரிடம் முழுமையாக இருக்கிறது. உரிமை இருக்கும் அளவுக்குப் பொறுப்பும் இருக்கிறது. அந்தப் பொறுப்பை நடைமுறையில் எப்படி நிறைவேற்றுவது என்பதையே கீழ்க்காணும் படிகள் விளக்குகின்றன.

முதற்படி: அதிக விலையையும் மோசடியையும் பிரித்துப் பாருங்கள்

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சச்சரவுகள் எழுகின்றன. ஒருவர் தம்மிடமுள்ள 100 ரூபாய் நினைவு நாணயத்தை ‘இது அக்கசாலை வெளியிட்ட யூ.என்.சி. (புழக்கத்துக்குப் போகாத) நாணயம், விலை இவ்வளவு’ என்று உண்மையாகச் சொல்லி, நமக்கு அநியாயமாகத் தோன்றும் விலை கேட்டால், அவர் செய்வது வியாபாரம். அதே மனிதர் யூ.என்.சி. நாணயத்தை ப்ரூஃப் (மெருகேற்றிய அச்சில் தனிக் கவனத்தோடு அடித்தது) என்று சொல்லி விற்றாலோ, போலியை அசல் என்று சொல்லி விற்றாலோ, அது மோசடி. அதற்கான பொறுப்பு முழுவதும் அவருடையது. ஏமாந்தவரைப் பார்த்து ‘நீ ஏன் கவனமாக இருக்கவில்லை’ என்று கேட்பது அந்த இடத்தில் முறையன்று.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இரு தரப்பும் ஒப்பந்தத்தின் அடிப்படையான உண்மை ஒன்றைத் தவறாகக் கருதியிருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்று கூறிவிட்டு, அதன் விளக்கத்தில் பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்து அவ்வகைத் தவறாகாது என்று தெளிவுபடுத்துகிறது. 25ஆம் பிரிவின் விளக்கமும், சம்மதம் தன்னிச்சையாகத் தரப்பட்டிருந்தால், கொடுத்த விலை பொருத்தமற்றது என்பதற்காக மட்டுமே ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. ஆகவே 2,000 ரூபாய் பெறும் நாணயத்தை 8,000 ரூபாய்க்கு மனமுவந்து வாங்கிவிட்டு, பிறகு மதிப்பைத் தவறாக எண்ணிவிட்டேன் என்று சொன்னால் அந்த ஒரு காரணம் போதாது. மறுபுறம், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். விலையைப் பற்றிய முடிவு உங்களுடையது என்றும், பொருளைப் பற்றிய உண்மை அவருடைய கடமை என்றும் நினைவில் கொண்டால், எந்த இடத்தில் யாரைக் கேள்வி கேட்பது என்பதில் தடுமாற்றம் வராது.

பொட்டலப் பொருள்களில் அச்சிடப்படும் எம்.ஆர்.பி.யைப் போன்ற பாதுகாப்பைப் பழைய நாணயங்களின் கைமாற்று விற்பனையில் எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: உலோக மதிப்பையும் வெளியீட்டு விலையையும் கணக்கிடுங்கள்

எந்த விலையையும் எடைபோட இரண்டு அடித்தளங்கள் வேண்டும். ஒன்று, நாணயத்திலுள்ள உலோகத்தின் மதிப்பு. மற்றொன்று, அக்கசாலை அதை முதலில் விற்ற விலை.

உலோக மதிப்பைக் கணக்கிடுவது எளிது. 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழாவில் வெளியிடப்பட்ட 75 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். அதில் 50 விழுக்காடு வெள்ளி, 40 விழுக்காடு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் 5 விழுக்காடு வீதம். நீண்ட காலமாக நூறு ரூபாய் நினைவு நாணயங்கள் பலவும் இதே நான்கு உலோகக் கலவையில் வெளிவந்திருக்கின்றன. அப்படியானால் உள்ளே இருக்கும் வெள்ளி பதினேழரை கிராம். அன்றைய வெள்ளி விலை கிராமுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வெள்ளியின் மதிப்பு 1,750 ரூபாய். வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். ‘சுத்த வெள்ளி நாணயம் சார், வெள்ளிக்கே இந்த விலை வரும்’ என்று விற்பவர் சொல்லும்போது, பாதிதான் வெள்ளி என்று தெரிந்தவர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அண்மைக்கால வெளியீடுகள் சிலவற்றில் வெள்ளியின் தரமும் எடையும் மாறியிருப்பதால், ஒவ்வொரு நாணயத்துக்கும் அரசிதழில் வந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டம், எடை, கலவை, இருபுறத்து வடிவமைப்பு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும்.

வெளியீட்டு விலையை அறிய, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களிலுள்ள அக்கசாலைகளையும் நிர்வகிக்கும் அரசு நிறுவனத்தின் இணைய விற்பனைப் பக்கத்தைப் பார்க்கலாம். அந்த விலையில் உலோகம் மட்டுமின்றி அச்சடிக்கும் கூலி, உறை, வரி எல்லாம் அடங்கியிருக்கும். அக்கசாலையே இப்போதும் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு நாணயத்தை, அங்கே பார்க்காமல் வெளியே கூடுதல் விலைக்கு வாங்குபவர் புதியவர்களில் பலர். இதற்கு விற்பவரைக் குறை சொல்வது சரியன்று. சில நிமிடங்கள் தேடியிருந்தால் போதும் என்னும் நிலையில், தேடாததன் விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

அதே நேரத்தில், வெளியீட்டு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொள்ளை என்று பேசுவதும் நேர்மையன்று. டீலர் முன்பதிவுக்கு மொத்தப் பணத்தையும் கட்டி, நாணயம் கைக்கு வரும்வரை அந்தப் பணத்தை முடக்கி வைக்கிறார். கண்காட்சியில் மேசைக்கு வாடகை கொடுக்கிறார். விற்காமல் தேங்கும் சரக்கின் இழப்பையும் அவரே ஏற்கிறார். நம்பகமான டீலர் போலியைக் கழித்துக்கட்டித் தருகிறார். அந்த அறிவுக்கும் ஒரு விலை உண்டு. எவ்வளவு கூடுதல் நியாயம் என்பதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது. விலையில் எவ்வளவு உலோகத்துக்கு, எவ்வளவு அக்கசாலைக்கு, எவ்வளவு டீலருக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் தம் அளவில் ஒரு வரம்பை வைத்துக்கொள்ள முடியும்.

மூன்றாம் படி: விற்ற விலையைத் தேடுங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசையை மட்டுமே காட்டும். ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று யார் வேண்டுமானாலும் விளம்பரம் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம்கூட இல்லாத தளங்கள் உள்ளன. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து ‘பாருங்கள், இதன் மதிப்பு பத்து லட்சம்’ என்று காட்டுபவர், ஒருவர் அந்தத் தொகையைக் கொடுத்து வாங்கினார் என்பதற்கு எந்தச் சான்றும் தருவதில்லை.

சான்று வேண்டுமானால் ஏல முடிவுகளைப் பார்க்க வேண்டும். நாணய ஏலங்களை முறையாக நடத்தும் இந்திய நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் பட்டியலை, ஒவ்வொரு லாட்டின் (ஏலத்தில் ஒரே எண்ணின்கீழ் விற்கப்படும் பொருளின்) படத்தோடும் விலையோடும் இணையத்தில் வைத்திருக்கின்றன. அதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஏலத்தில் முடிவான தொகைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்கு ஒரு கட்டணமும் அதற்கான வரியும் செலுத்துவார் என்பதால், பட்டியலில் காணும் தொகை அந்தக் கட்டணம் சேர்ந்ததா சேராததா என்று பார்க்க வேண்டும். மேலும், ஒரே ஒரு முடிவை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். இருவர் விட்டுக்கொடுக்காமல் போட்டி போட்டதால் ஒருநாள் விலை உச்சத்துக்குப் போயிருக்கலாம். ஒரே வகை, ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலை, ஒத்த தரம் உள்ள நாணயங்களின் முடிவுகளைச் சிலவாவது ஒப்பிட்ட பிறகே ஒரு மதிப்பீட்டுக்கு வாருங்கள்.

சென்னை போன்ற ஊர்களில் நாணயச் சேகரிப்பாளர் சங்கங்கள் கூடுகின்றன, கண்காட்சிகளும் நடக்கின்றன. நான்கு மேசைகளில் ஒரே நாணயத்தின் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவது மரியாதைக் குறைவு என்று புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை. டீலர்களுக்கு இது பழகிய ஒன்று. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும்.

நான்காம் படி: ‘அரிது’ என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள்

கூடுதல் விலையின் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுப்பப்படுகிறது என்பதால், இந்தப் படியில் அதிக நேரம் செலவிடுவது நல்லது.

1995ஆம் ஆண்டு எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் வெளிவந்தன. தமிழர் எவருக்கும் அவற்றின்மேல் பற்று இருப்பது இயற்கை. அவை பொதுமக்கள் புழக்கத்துக்காகவே அச்சடிக்கப்பட்டவை. பலர் வீட்டு உண்டியலில் இன்றும் கிடக்கலாம். தேய்ந்த நிலையிலுள்ள அந்த நாணயத்தை ‘அபூர்வ வள்ளுவர் காசு’ என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும்போது, உண்மையில் நம் பற்றுக்குத்தான் விலை வைக்கப்படுகிறது. காமராசர், அண்ணா உருவங்கள் பொறித்த ஐந்து ரூபாய் நாணயங்களுக்கும் இது பொருந்தும். அழகான நாணயம், அன்புக்குரிய நாணயம், அரிய நாணயம் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதைப் புதியவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2012ஆம் ஆண்டு தேதியிட்ட வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய் நாணயத்தையும், 786 என்று முடியும் ரூபாய் நோட்டையும் லட்சங்களுக்கு வாங்கிக்கொள்வதாகப் பரவும் செய்திகள் இதைவிட மோசமானவை. அவற்றில் பெரும்பாலும் ஏமாற்றப்படுபவர் விற்க வந்தவரே. ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’, ‘ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்’ என்று அவரிடம் பணம் பறிக்கப்படுகிறது. பழைய நோட்டு, நாணய வணிகத்துக்காகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ தரகோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்றும், அத்தகைய பரிமாற்றங்களில் தான் ஈடுபடுவதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதம் எச்சரித்தது. எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறி உள்ள நோட்டுகளும் அவ்வாறே. அச்சுப் பிழையால் அகற்றப்பட்ட நோட்டுக்கு மாற்றாக நோட்டுக் கட்டுக்குள் வைக்கப்படுபவை அவை. 2023 ஜூலையில் அவை செல்லாது என்று புரளி கிளம்பியபோது, மற்ற நோட்டுகளைப் போலவே செல்லும் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் தர நேர்ந்தது. சில தொடர்களில் நட்சத்திர நோட்டு குறைவாகக் கிடைப்பது உண்மைதான். நட்சத்திரம் இருக்கிறது என்பதாலேயே ஒரு நோட்டு அரிதாகிவிடாது.

தமிழ்நாட்டில் தனியே எச்சரிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818 அல்லது அதற்கும் முந்தைய ஆண்டு என்று பொறித்த செப்புக் காசுகள் ஊர் ஊராக வலம் வருகின்றன. அவற்றைக் கம்பெனி ஒருபோதும் வெளியிடவில்லை. பிற்காலத்தில் யாரோ அச்சடித்த வில்லைகள் அவை. இவற்றில் ‘இரிடியம்’ இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று சொல்லிக் குடும்பங்களின் சேமிப்பையே பறித்த கும்பல்கள் பற்றிய வழக்குகள் காவல் நிலையங்களில் பதிவாகியுள்ளன. அத்தகைய காசுக்கு நூறு ரூபாய் கேட்டாலும் அதை நாணயம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

கதை சொல்லி விலை ஏற்றுவதற்கு இன்னொரு வகை உதாரணமும் உண்டு. 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் ஆடையிலுள்ள யானை உருவம் பன்றி போலத் தெரிந்ததாக எதிர்ப்புக் கிளம்பி, அந்த வடிவம் திருத்தப்பட்டது. கதை முற்றிலும் உண்மை. ஆனால் அந்த நாணயம் இன்றும் ஏலங்களில் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. கதையின் சுவாரசியத்துக்காக ஓரளவு கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். கதைக்கு எவ்வளவு, நாணயத்துக்கு எவ்வளவு என்று அறிந்து கொடுங்கள்.

அரிது என்று ஒருவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை இவை: எந்த ஆண்டு, எந்த அக்கசாலை, எந்தத் தரத்தில் அரிது? எந்த விலைப் பட்டியலில் அல்லது எந்த ஏலத்தில் அப்படிக் குறிக்கப்பட்டுள்ளது? பதில் தெரிந்த டீலர் மகிழ்ச்சியோடு பட்டியலை எடுத்துக் காட்டுவார். ‘நீங்களே தேடிப் பாருங்கள், எங்கேயும் கிடைக்காது’ என்பது பதிலாகாது.

ஐந்தாம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சு, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம் ஆகிய மூன்றும் முதல் நாணயத்துக்கு முன்னரே வாங்கப்பட வேண்டியவை. மூன்றும் சேர்ந்து பெரிய செலவாகாது.

நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள். முகப்பில் விரல் பட்டால் ரேகை பதியும், அதன் தடம் பின்னர் கறையாகும். முதலில் ஆண்டுக்குக் கீழே லென்சை வையுங்கள். இந்தியக் குடியரசின் நாணயங்களில் வைர வடிவக் குறி இருந்தால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரே வகை நாணயம் ஓர் அக்கசாலையில் மிகுதியாகவும் இன்னொன்றில் குறைவாகவும் அச்சாகியிருக்கலாம் என்பதால், இந்தச் சிறு குறியை வைத்தே விலை மாறும். அடுத்து, தராசு. பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். வார்த்துச் செய்த போலி பெரும்பாலும் இதில் தவறிவிடும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனாலேயே வேறு ஆண்டு நாணயத்தின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியவை உலவுகின்றன. லென்சின் கீழ் அந்த ஒற்றை எண்ணைச் சுற்றி உலோகம் கிளறப்பட்டிருக்கிறதா, மற்ற மூன்று எண்களின் உயரமும் சாயலும் அதற்கும் உள்ளனவா என்று பாருங்கள்.

பிறகு மேற்பரப்பு. நம் ஊரில் பழைய நாணயம் கிடைத்தால் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் அது நுண்ணிய கீறல்களை விட்டுச் செல்லும். சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் ஒளியில் தெரியும். தேய்க்காத பழைய நாணயத்தின் மங்கிய நிறத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுக்கும் புதியவர், குறைந்த மதிப்புள்ள பொருளுக்கு அதிகம் கொடுக்கிறார்.

ப்ரூஃப் என்று சொல்லப்படுவது, மெருகேற்றிய அச்சைக் கொண்டு தனிக் கவனத்தோடு அடிக்கப்பட்டது. அதன் வெற்றுப் பரப்பு கண்ணாடி போலவும் உருவம் பனி படிந்தது போலவும் இருக்கும். யூ.என்.சி. என்பது புழக்கத்துக்குப் போகாத நாணயம் என்ற அளவில்தான். இரண்டுக்கும் விலையில் கணிசமான வேறுபாடு உண்டு. அக்கசாலையின் உறையில் எது எழுதியிருக்கிறதோ அதுவே உள்ளே இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். உறையை மாற்றுவது கடினமான வேலையன்று.

ஆறாம் படி: உச்ச விலையை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

மேசைக்கு முன் நின்றுகொண்டு முடிவெடுத்தால் மனம் இளகிவிடும். ‘கடைசிப் பீஸ் அண்ணே, இப்போதான் ஒருத்தர் கேட்டுட்டுப் போனார், திரும்பி வருவார்’ என்ற பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் ஏராளம். அவர் திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் வீட்டில் ஒரு தாளில் எழுதிவைத்த தொகைக்கு மேல் போகாதீர்கள். ஏலத்தில் கலந்துகொள்ளும்போது ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் வரியையும் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையைக் கணக்கிடுங்கள்.

பேரம் பேசுவதில் மரியாதை குறைய வேண்டியதில்லை. ‘ஐயா, சென்ற ஏலத்தில் இதே தரத்து நாணயம் இன்ன விலைக்குப் போயிருக்கிறது. என்னால் இவ்வளவு கொடுக்க முடியும்’ என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்து பேசுபவரிடம் டீலர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். வராவிட்டாலும் உறவு கெடாது. வாங்குவது முடிவானால் பில் கேளுங்கள். அதில் நாணயத்தின் வகை, ஆண்டு, அக்கசாலை, அவர் சொன்ன தரம், ‘அசல்’ என்ற உறுதி ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக ‘பழைய நாணயம் 1’ என்று எழுதித் தந்தால், பின்னால் ஒரு பிரச்சினை வரும்போது அந்தத் தாள் உங்களுக்கு உதவாது. பில்லே தர மறுப்பவரிடம் விலை மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஏழாம் படி: காத்திருக்கப் பழகுங்கள்

முன்பதிவு முடிந்து, நாணயங்கள் இன்னும் எல்லாருக்கும் அனுப்பப்படாத இடைக்காலத்தில்தான் விலை அதிகம் கேட்கப்படுகிறது. கையில் நாணயம் வைத்திருப்பவர் சிலர், வேண்டும் என்பவர் பலர். முன்பதிவு செய்த அனைவருக்கும் நாணயம் போய்ச்சேரும்போது விற்பவர்களின் எண்ணிக்கை கூடும். அவசரத் தேவையும் தணிந்திருக்கும். எப்போதும் விலை இறங்கும் என்று வாக்குறுதி தர முடியாது. ஆனால் முதல் சில வாரங்களில் எல்லாருக்கும் முன்பாகத் தம்மிடம் இருக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர, அப்போதே வாங்குவதற்கு வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதிலே நம்மைத் தவிரப் பிறரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். மும்மடங்கு கொடுத்து ஒருவர் வாங்கினால், அடுத்த முன்பதிவில் தேவைக்கு மேல் பத்துப் பதினைந்து நாணயங்களை வாங்கிப் பதுக்குவது லாபம் என்று இன்னும் சிலருக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் விளைவாக, கைச்செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு நாணயம் வாங்க நினைத்த கல்லூரி மாணவருக்கு ‘கையிருப்பு இல்லை’ என்ற பதில் கிடைக்கிறது. வசதி உள்ளவர் ‘என் பணம், என் விருப்பம்’ என்று சொல்வதைச் சட்டம் தடுக்காது. இருந்தாலும், இந்தப் பொழுதுபோக்கு அடுத்த தலைமுறைக்கும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அந்த மும்மடங்கைக் கொடுக்கத் தயங்க வேண்டும்.

நீங்களே முன்பதிவு செய்வது இதற்கெல்லாம் நேரான வழி. அக்கசாலையின் அறிவிப்புகளைக் கவனித்து, பெயர் பதிந்து, குறித்த காலத்துக்குள் பணம் கட்டி, தேவைப்பட்டால் சில மாதங்களும் பொறுத்திருங்கள். தேவைக்கு மேல் பதிய வேண்டாம்.

எட்டாம் படி: சட்டத்தின் எல்லைகளை மீறாதீர்கள்

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சிக்கலை விலைக்கு வாங்கிவிடக் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்கீழ் தொல்பொருள்களாகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டிலுள்ள நண்பருக்கு ராஜராஜன் காசு ஒன்றைத் தபாலில் அனுப்புவதும் இதில் அடங்கும். மண்ணில் புதைந்து கிடைத்த புதையல் பற்றி 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே ‘நேற்றுத்தான் கிணறு வெட்டும்போது கிடைத்தது’ என்று கொண்டுவரப்படும் சட்டி நிறையக் காசுகளை, எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். 2016இல் செல்லாததாக்கப்பட்ட 500, 1,000 ரூபாய் நோட்டுகளை, நாணயவியல் நோக்கத்துக்காக வைத்திருப்பவர்கூட மொத்தம் 25க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்துள்ளது.

ஒன்பதாம் படி: ஏமாற்றப்பட்டிருந்தால்

முதற்படியில் சொன்ன வேறுபாடு இங்கே பயன்படும். விலை அதிகம் என்று பின்னர் தெரிந்தால், விற்றவரிடம் பணிவாகப் பேசிப் பார்க்கலாம். திருப்பி எடுத்துக்கொள்ளும் டீலர்களும் இருக்கிறார்கள். அவர் மறுத்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொருளைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் விட்டுவிடாதீர்கள். நாணயம், பில், விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய சான்று, வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் பத்திரப்படுத்தி, முதலில் எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பயனில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். இணையத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாமல் மறைந்தவரைப் பற்றி 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு: மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. விலை ஏறும், விற்றுவிடலாம் என்று பத்து நாணயங்கள் வாங்கியவர், போலி என்று தெரிந்த பிறகு நுகர்வோர் என்ற பாதுகாப்பைக் கோருவது கடினம்.

பத்தாம் படி: நீங்கள் விற்கும்போது

சேகரிப்பு வளர வளர இரட்டைப் பிரதிகள் சேரும். ஒருநாள் நீங்களும் விற்பவராவீர்கள். அப்போது விலை வைக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. நாணயம் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது என்று தெரிந்தால் கேட்காமலே சொல்லுங்கள். அக்கசாலையில் அந்த நாணயம் இன்னும் கிடைக்கிறது என்றால் புதியவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை கைவிட்டுப் போகலாம், ஆனால் அடுத்த முறை அவர் உங்களைத் தேடி வருவார். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் நெடுங்காலம் வைத்த நாணயத்தில் பச்சை நிறப் பிசுபிசுப்புப் படிந்திருக்கும். விற்குமுன் பாருங்கள், உங்கள் சேகரிப்புக்கும் அந்த உறைகளைத் தவிர்த்து மைலார் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறையோ, கேப்சூல் எனப்படும் கெட்டியான வட்டச் சிமிழோ பயன்படுத்துங்கள். நீங்கள் வாங்கியபோது பெற்ற பில்லின் நகலை நாணயத்தோடு சேர்த்துக் கொடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்பது புதிய உரிமையாளருக்கும் தெரிந்திருக்கும். அந்த பில்லில் நீங்கள் கொடுத்த விலை இருக்கிறதே என்று அதை மறைக்கத் தோன்றினால், இப்போது கேட்கும் விலையை இன்னொரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.